வைர மோதிரத்தில் கல் ஆடுகிறதா? கழற்றி வைப்பது முதல் சரிசெய்து வாங்குவது வரை

அம்மா எனக்குக் கொடுத்த மோதிரம் அது. 18 கேரட் தங்கத்தில் 30 சென்ட் ஒற்றைக் கல், அதைப் பிடித்திருக்க ஆறு ப்ராங், அதாவது நகம் மாதிரி வளைந்த சின்னத் தங்கக் கம்பிகள். தினமும் விரலில்தான் இருக்கும். சில மாதங்களாகவே சேலை நூல் அதில் மாட்டிக்கொண்டே இருந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் தலை துவட்டும்போது காதருகே டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. விரலால் தொட்டுப் பார்த்தால் கல் அசைகிறது. மறுநாளே ஒரு நகைக்கடைக்குப் போய், "கல் ஆடுது, இறுக்கிக் குடுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்தார்கள், காசும் வாங்கவில்லை. மூன்று மாதத்தில் திரும்ப ஆட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த முறை கோவை ராஜ வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் கல் பதிக்கிற ஆசாரி ஒருவரிடம் போனேன். அவர் லூப்பை, அதாவது நகை பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடியை, என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு ப்ராங்கில் இரண்டின் நுனி காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. "கல்லுக்கு ஒண்ணுமில்லைங்கம்மா. ப்ராங்குதான் தேஞ்சு போச்சுங்க. தேஞ்சதை எத்தனை தடவை அமுக்குனாலும் நிக்காதுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிந்தது. கல் ஆடினால் "இறுக்கிக் கொடுங்கள்" என்று கேட்கக் கூடாது, "ஏன் ஆடுகிறது" என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை வைத்துத்தான் என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் முடிவாகும்.

கையிலிருந்து கழற்றுங்கள், இப்போதே

கல் ஆடுவது தெரிந்த பிறகும் "ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்" என்று போட்டுக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். பழுது பார்க்கும் வேலை சின்னது. பழுது தெரிந்ததற்கும் கடைக்குப் போவதற்கும் நடுவில் இருக்கும் அந்த நாலைந்து நாளில் கல் தொலைந்துவிடலாம். எனவே உடனே கழற்றுங்கள். கீழே ஒரு துண்டை விரித்து, அதற்கு மேலே கையை வைத்துக்கொண்டு கழற்றுங்கள். வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டு கழற்ற வேண்டாம். மெல்லிய டிஷ்யூவில் சுற்றி, சின்ன ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். கல் கழன்றாலும் கவருக்குள்ளேயே இருக்கும். நகைப் பெட்டியில் மற்ற நகைகளோடு போடக் கூடாது. வைரம் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கீறும், ஆடுகிற கல் அங்கே விழுந்தால் தேடுவதும் கஷ்டம்.

உண்மையிலேயே ஆடுகிறதா என்று பார்க்க

மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு விரலால் லேசாகத் தட்டுங்கள். உறுதியாக இருக்கும் கல் சத்தம் போடாது. அடுத்து, ஒரு பல்குத்தும் குச்சியால் கல்லின் ஓரத்தை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும், தன் இடத்திலேயே சுழன்றாலும் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஊசியோ குண்டூசியோ வேண்டாம், தங்கத்தில் கோடு விழும்.

மூன்றாவது சோதனை, என்னை முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டிய சோதனை. கொஞ்சம் பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ கல்லின் மேல் நாலு பக்கமும் தடவுங்கள். நூல் மாட்டினால் ஏதோ ஒரு ப்ராங்கின் நுனி கல்லை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறது. கல் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடலாம். சேலை, ஸ்வெட்டர், தலைமுடி எதில் மோதிரம் மாட்டினாலும் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய், சோப்பு, மாவு எல்லாம் கல்லுக்கு அடியில் சேர்ந்து இறுகிப்போகும். தளர்ந்த கல்லை அந்த அழுக்கே பிடித்து வைத்திருக்கும். கடையில் சுத்தம் செய்த பிறகு கல் ஆட ஆரம்பித்தால் "சுத்தம் பண்ணும்போது கெடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போய்விடுவோம். பல நேரம் கல் ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்திருக்கும், அழுக்கு போனதும் வெளியே தெரிந்திருக்கும். அதனால்தான் ஏற்கெனவே ஆடும் மோதிரத்தை வீட்டில் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்கிறேன்.

ஏன் தளர்கிறது

கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10, அதைவிடக் கடினமான இயற்கைக் கல் இல்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் தங்கம் மென்மையானது. வருடக்கணக்கில் மேசை, பாத்திரம், பேருந்துக் கம்பி, ஸ்கூட்டர் கைப்பிடி என்று உரசி உரசி ப்ராங்கின் நுனி தேய்கிறது. 22 கேரட் தங்கம் இன்னும் மிருது. வைர மோதிரங்களைப் பெரும்பாலும் 18 கேரட்டில் செய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். 18 கேரட்டில் 75 சதவீதம் தங்கம், மீதி உறுதிக்காகச் சேர்க்கும் உலோகங்கள்.

தேய்மானம் ஒரு காரணம்தான். எங்காவது பலமாக இடித்து ஒரு ப்ராங் வளைந்திருக்கலாம். மோதிர வளையமே நசுங்கி வட்டம் மாறியிருக்கலாம். கல் வரிசையாகப் பதித்த மோதிரங்களில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளையம் வளைந்தால் கற்கள் உட்காரும் பள்ளமும் விரியும். ஜிம்மில் எடை தூக்கும்போதும், கனமான பையைப் பிடிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் நீச்சல்குளத்துக் குளோரினும் தங்கத்தில் கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அரிக்கும். வெள்ளைத் தங்கத்தில் ப்ராங் திடீரென்று விரிசல் விட்டு முறிவதற்கு இது ஒரு காரணம்.

சில மோதிரங்களில் முதலிலேயே கட்டடம், அதாவது கல்லைப் பதித்திருக்கும் அமைப்பு, சரியாக இருக்காது. கல்லின் ஓரம் உட்கார வெட்டும் பள்ளம் பெரிதாகப் போயிருந்தால், புது மோதிரமே ஆறு மாதத்தில் ஆடும். அப்படியானால் வாங்கிய கடைதான் பொறுப்பு.

யாரிடம் கொடுப்பது

பில் கையில் இருந்தால் முதலில் வாங்கிய கடைக்கே போங்கள். ஆயுள் முழுக்க இலவசப் பராமரிப்பு என்று எழுதிக் கொடுத்த கடைகள் உண்டு, முதல் வருடத்துக்கு இன்சூரன்ஸ் சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. வெளியே வேறு யாரிடமாவது வேலை செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடலாம். பில்லின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

பழைய நகை, பில் இல்லை என்றால் கல் பதிப்பதையே தொழிலாகச் செய்பவரைத் தேடுங்கள். நகை செய்யும் ஆசாரி எல்லோரும் கல் பதிப்பதில்லை, அது தனிக் கைவேலை. கோவையில் ராஜ வீதி, பெரிய கடை வீதிப் பக்கமும், மதுரையில் தெற்காவணி மூல வீதியிலும், சென்னையில் சவுகார்பேட்டையிலும் விசாரித்தால் சொல்வார்கள். போனதும் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை இங்கேயே நடக்குமா, வெளியே அனுப்புவீர்களா? லேசர் வெல்டிங் வசதி இருக்கிறதா? கல்லை லூப்பில் எனக்குக் காட்டுவீர்களா? மூன்றாவதற்கு முகம் சுளிக்கிறவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

கொடுப்பதற்கு முன்னால்

கல் மாறிவிடுமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆசாரியைச் சந்தேகப் பார்வை பார்ப்பதால் இருவருக்கும் நிம்மதி இல்லை. பதிவு செய்து வைத்துக்கொண்டால் போதும்.

மோதிரத்தை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். லூப் வழியாகப் போன் கேமராவை வைத்தால் கல்லுக்குள் இருக்கும் புள்ளிகளும் கீற்றுகளும் ஓரளவு தெரியும். 10 மடங்கு லூப் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. நம் ஊரில் காகபாதம் (காக்கைக் கால் மாதிரிக் கோடு), விந்து (புள்ளி), கீற்று என்று குற்றங்களாகச் சொல்லிவந்தவை இப்போது உங்கள் கல்லின் கைரேகை. இரண்டு கற்களில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி புள்ளி இருக்காது.

ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் இருந்தால் வேலை சுலபம். பல கற்களின் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். அதைக் கடையிலேயே லூப்பில் பார்த்து, அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் வைத்திருக்கும் பேனா மாதிரி டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். வெப்பத்தைக் கடத்துவதை வைத்துப் பார்க்கும் டெஸ்டர், வைரம் மாதிரியே இருக்கும் மாய்சனைட் என்ற வேறு கல்லையும் வைரம் என்று காட்டிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் உண்மையிலேயே வைரம்தான் என்பதால் அதிலும் வித்தியாசம் தெரியாது.

எடை போடுவது அவசியம், ஆனால் அதுவும் தனியாகப் போதாது. கல்லுக்குச் சொல்லும் கேரட் எடை, தங்கத்தின் தூய்மைக்குச் சொல்லும் கேரட் வேறு. கல்லில் ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். என்னுடைய 30 சென்ட் கல் வெறும் 0.06 கிராம். பழுது பார்க்கும்போது தங்கம் சேரும், பாலிஷில் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் கல்லின் எடை மறைந்துபோகும்.

ரசீதில் இவை இருக்க வேண்டும்: மொத்த எடை, தங்கத்தின் கேரட், கற்களின் எண்ணிக்கை, பெரிய கல்லின் அளவு, சான்றிதழ் எண், ஹால்மார்க் எண், செய்யப்போகும் வேலை, உத்தேசச் செலவு, கொடுக்கும் தேதி. "மோதிரம் 1, ரிப்பேர்" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேலையின்போது கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

2021இல் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியதோடு வந்த எச்யூஐடி எண் (எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் உள்ள அடையாளக் குறியீடு) மோதிரத்தின் உட்பக்கம் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த நகை, என்ன தூய்மை என்று காட்டும்.

என்ன வேலை செய்ய வேண்டும்

ப்ராங்கில் சதை இருக்கிறது, வளைந்து மட்டும்தான் இருக்கிறது என்றால் இறுக்கினால் போதும். கால் மணி, அரை மணி நேர வேலை. கருவியால் எதிரெதிர் ப்ராங்குகளை மாற்றி மாற்றி அழுத்திக் கல்லை நேராக உட்கார வைப்பார்கள். ஒரே பக்கம் அழுத்தினால் கல் சாய்ந்துவிடும். அளவுக்கு மீறி அழுத்தினால் கல்லின் விளிம்பே சிம்பு பெயரும். வைரம் கடினமானதுதான், ஆனால் சில குறிப்பிட்ட திசைகளில் அடி பட்டால் பிளந்துவிடும். சதுர வெட்டுக் கல்லின் மூலைகளும், பேரிக்காய் வடிவக் கல்லின் கூர்முனையும் ரொம்ப ஆபத்தான இடங்கள்.

நுனி தேய்ந்திருந்தால் இறுக்குவது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தற்காலிகம். இருக்கிற கொஞ்சம் தங்கத்தையும் வளைத்து மேலும் மெலிய வைக்கிறோம். இதற்குச் சரியான வேலை, நுனியில் புதுத் தங்கம் வைப்பது. கடைகளில் ரீட்டிப்பிங் என்பார்கள். தேய்ந்தது இரண்டு என்றாலும் ஆறையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே நாளில் செய்தவை, ஒரே மாதிரி உரசியவை. என் மோதிரத்தில் ஆசாரி நாலுக்குத் தங்கம் வைத்தார், இரண்டை அப்படியே விட்டார், ஏன் விட்டார் என்பதையும் லூப்பில் காட்டினார்.

ப்ராங் அடியோடு முறிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக வைக்கலாம். பல ப்ராங்குகள் போய்விட்டன, அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறது என்றால், கல் உட்காரும் தலைப்பகுதி முழுவதையும் மாற்றுவதுதான் நல்லது. செலவு கூடும், ஒரு வாரம் வரை ஆகலாம். ஆனால் ஒட்டுப்போட்ட பழைய தலையில் பெரிய கல்லை நம்பி வைப்பதைவிட அது மேல். நாலு ப்ராங் மோதிரமாக இருந்தால் இந்தச் சமயத்தில் ஆறு ப்ராங்காக மாற்றுவதையும் யோசியுங்கள். நாலில் ஒன்று போனால் கல் கழன்று விழ வாய்ப்பு அதிகம், ஆறில் ஒன்று போனால் கவனிக்க அவகாசம் கிடைக்கும். கையால் நிறைய வேலை செய்பவர்களுக்குக் கல்லைச் சுற்றி முழுவதும் தங்க விளிம்பு வரும் பெசல் கட்டடம் இன்னும் பாதுகாப்பு. பளபளப்பு கொஞ்சம் அடங்கித் தெரியும் என்பார்கள், எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

பொடிக்கற்கள் நெருக்கமாகப் பதித்த மோதிரத்தில் ஒரு கல் ஆடினால், எல்லாக் கற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் நசுங்கியிருந்தால் முதலில் அதை வட்டமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் கல்லை மட்டும் இறுக்கினால் திரும்பவும் வந்து நிற்பீர்கள்.

பாட்டி காலத்து மூடிய கட்டட நகை என்றால் விஷயமே வேறு. கல்லுக்குப் பின்னால் அடைப்பு இருக்கும், உள்ளே மினுக்குத் தாள் இருக்கலாம். தண்ணீர் உள்ளே போனால் கல் மங்கிவிடும். அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியில் போடவே கூடாது. இந்த வேலை தெரிந்த வயதான பத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போவதுதான் சரி.

நெருப்பு வைக்கும் இடம்

புதுத் தங்கம் வைக்கப் பொடி (ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து நெருப்பை ஊத வேண்டும், அல்லது லேசரில் பற்றவைக்க வேண்டும். வைரம் என்பது கார்பன். கல்லைக் கழற்றாமல் ஊதும்போது, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கல்லின் மேல்பரப்பு எரிந்து வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடலாம். அதை நீக்க மறுபடி பட்டை தீட்ட வேண்டும், எடை குறையும். அதனால் கல்லின் மேல் போரிக் ஆசிட் கரைசலைப் பூசிவிட்டுத்தான் ஊதுவார்கள். ஊதி முடித்ததும் தண்ணீரில் முக்காமல் தானாக ஆற விட வேண்டும், சூடான கல்லைத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடலாம்.

உங்கள் மோதிரத்தில் வைரத்தோடு மரகதம், முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் ஏதாவது இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இவை சூட்டைத் தாங்காது. கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும், விரிசலை நிரப்பித் தெளிவாக்கிய வைரமும் அப்படியே. ஒன்று, அந்தக் கற்களைக் கழற்றிவிட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் லேசர். லேசரில் சூடு ஒரு மிகச் சின்னப் புள்ளியில் மட்டும் விழும், பக்கத்துக் கல் தப்பிக்கும். காசு கொஞ்சம் கூடுதல் என்றாலும் இந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பொடி எந்தக் கேரட் என்றும் கேளுங்கள், மோதிரத்தின் கேரட்டோடு பொருந்த வேண்டும். கேடிஎம் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னது காட்மியம் கலந்த பற்றாசு. அதை ஊதும்போது எழும் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுக்கும். நம் ஒரு மோதிரத்துக்காக இன்னொருவர் அதைச் சுவாசிக்க வேண்டாமே.

கல்லைக் கழற்றினார்கள் என்றால் அது ஒரு நல்ல வாய்ப்பு. ப்ராங் மறைத்திருந்த இடத்தில் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். முடிந்தால் அந்த நேரத்தில் அங்கேயே இருங்கள், தனிக்கல்லை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வாங்கும்போது

அவசரமாகப் போகாதீர்கள், பகல் வெளிச்சத்தில் போங்கள். லேசர் எண் அல்லது உங்கள் போட்டோவில் இருக்கும் புள்ளி, அதை முதலில் சரிபாருங்கள். புது ப்ராங் அந்த எண்ணின் மேலேயே உட்கார்ந்து மறைத்திருக்கலாம். அதனால் எண் இருக்கும் இடத்தில் ப்ராங் வராமல் கல்லைத் திருப்பி வைக்கும்படி வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மோதிரத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கல்லின் மேல்தளம் சாயாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ப்ராங்கின் நுனியும் கல்லைத் தொட்டுப் படிந்திருக்க வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. நுனிகள் ஒரே அளவில் உருண்டையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு அதே பஞ்சு, அதே தட்டல், அதே குச்சி. கடையிலேயே செய்யுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பொடிக்கற்களை எண்ணுங்கள். எச்யூஐடி எண் பாலிஷில் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டு, சேர்த்த தங்கத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாகப் பில் வாங்குங்கள். வெள்ளைத் தங்கம் என்றால் வேலை செய்த இடம் லேசாக மஞ்சளாகத் தெரியும், ரோடியம் முலாம் போட்ட பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

கல் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால்

பெருக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், கல் எங்கிருந்தாலும் மின்னும். வேக்யூம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் மெல்லிய சாக்ஸைக் கட்டி உறிஞ்சுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த துணியின் மடிப்புகள், கைப்பையின் அடி, வாஷிங் மெஷின் வடிகட்டி, மாவு பிசைந்த பாத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள். வாஷ்பேசினில் விழுந்திருக்கும் என்று தோன்றினால் குழாயைத் திறக்காமல் பிளம்பரைக் கூப்பிட்டு, அடியில் இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். கல் பெரும்பாலும் அந்த வளைவிலேயே தங்கியிருக்கும். கல் கிடைக்காவிட்டாலும் மோதிரத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தத் தலையின் அளவை வைத்துத்தான் புதுக் கல் தேட முடியும்.

அப்புறம்

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு முறை அதே ஆசாரியிடம் காட்டினேன். ஒரு ப்ராங்கை மட்டும் இன்னும் ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தார். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, தை மாதத்திலும் ஆடியிலும், லூப்பில் காட்டிவிட்டு வருகிறேன். மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மோதிரம் அடுப்படி அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கும். அதற்கு முன்னால் அதை ஜன்னல் திண்டில் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிட்டேன்.